மூணு கட்டை

இந்த பஸ்ஸோட ஹாரன் நாலரைக் கட்டையில அலறுது. யார் கேட்டா. கீபோர்டை மூடி வச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, இந்தக் காது மட்டும் ரிட்டயர் ஆக மாட்டேங்குது. குக்கர் விசில், பக்கத்து வீட்டு மிக்ஸி, லிஃப்ட்டுல கதவை மூடச் சொல்ற பொம்பளைக் குரல், எல்லாத்துக்கும் சுதி பார்த்துக்கிட்டே திரியுது. நாவல் எழுதுறவளுக்கு எதுக்கு இது? மாட்டுத்தாவணியில ஏறினதும் இடது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், காலை வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும்னு தெரியும், தெரிஞ்சும் உட்கார்ந்தேன், நமக்கு எப்பவும் அப்படித்தான், தெரிஞ்சுக்கிட்டே போய் உட்காருவோம், அப்புறம் முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு சூரியனைத் திட்டுவோம். பக்கத்துல என் வயசுல ஒரு அம்மா. காலடியில சாக்குப்பை, அதுக்குள்ள பனங்கிழங்கு, மண் வாசம் வருது. பஸ் ரிங்ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள கேட்டாச்சு, "எதுவரைக்கும் போறீங்க?" தூத்துக்குடின்னேன். "அங்க யாரு?" அண்ணன் வீட்டுக்குன்னேன். வாய் தானா சொல்லிடுச்சு. ஆனா பைக்குள்ள இருக்கிறது கூட்டத்துல கொடுக்கிறதுக்கு என் நாவல் அஞ்சு காப்பி. பைபாஸ் ஸ்டாப்புல எனக்காக நிக்கப் போறது சங்கரபாண்டியன் சார், ரிட்டயர்டு தமிழ்ப் பேராசிரியர், தூத்துக்குடி வாசகர் வட்டத்தைத் தன் முதுகுல தூக்கிச் சுமக்கிறவர். காலையில என் நாவலுக்கு விமர்சனக் கூட்டம், அப்புறம் சாப்பாடு, அப்புறம் மாணவர்களோட உரையாடல், எல்லாம் முடிய சாயங்காலம் ஆகிடும். அதுக்கப்புறம்தான் டாமியன் அண்ணன் வீடு. அதைப் போய் இந்த அம்மாகிட்ட எப்படிச் சொல்றது. நாளைக்கு ஆஸ்பத்திரியில சேர்ந்து, மறுநாள் குரல்வளையை எடுக்கப் போற அண்ணனைப் பார்க்கப் போறேன், ஆனா வழியில ஒரு சால்வை வாங்கிக்கிட்டுப் போறேன்னா சொல்ல முடியும்?

ஞாயித்துக்கிழமை அவன்தான் போன் பண்ணினான். எப்பவும் பிலோமி மதினிதான் கூப்பிடும், நல்லாயிருக்கியா, மழை உண்டா, அவ்வளவுதான் பேச்சு. அன்னைக்கு அண்ணன். குரலைக் கேட்டதும் யாரோ ராங் நம்பர்னு நெனச்சேன், சிமெண்டுத் தரையில கயித்துக் கட்டிலை இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. "ஏட்டி, ஜெசி, நான்தான். கீபோர்டைத் தொடச்சு வச்சிருக்கேன். எல்லாக் கட்டையும் பேசுது. நீ வந்து ஒரே ஒரு தடவை வாசி, நான் நம்ம மாதா பாட்டைப் பாடுதேன். அதுக்கப்புறம் அறுத்துப் போட்டாலும் சரிதான்." நான் என்ன சொல்லியிருக்கணும்? இந்தா கிளம்பிட்டேன்ணேன்னு சொல்லியிருக்கணும். மதுரை என்ன சீமையிலயா இருக்கு, மூணு மணி நேரப் பயணம். நான் சொன்னது, "புதன்கிழமை எனக்கு அங்க ஒரு கூட்டம் இருக்குண்ணே, முடிச்சுட்டு சாயங்காலமா வாரேன்." "கூட்டம் முடிச்சுட்டு"ன்னு திருப்பிச் சொன்னான். கோபம் இல்லை, கேலி இல்லை, ஒண்ணுமே இல்லை, கடையில சொன்ன விலையைத் திருப்பிச் சொல்ற மாதிரி சொன்னான். அப்புறம் மதினி போனை வாங்கிச்சு. நடந்துக்கிட்டே பேசுறது தெரிஞ்சுது, அடுப்படிக்குள்ள போயிருக்கும். "ஜெசி, காலையிலதான் அவுகளுக்குத் தொண்டை கொஞ்சம் தெளிவா இருக்கு. உச்சி சாஞ்சா காத்துதான் வருது. பார்த்துக்கோ." பார்த்துக்கோன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? நாவலே எழுதுறேன். சரி மதினின்னு சொல்லி வச்சுட்டு, சங்கரபாண்டியன் சாருக்குப் போன் பண்ணி கூட்டத்தைச் சாயங்காலம் மாத்தச் சொல்லலாம்னு நெனச்சேன். நெனச்சேன். திங்கள் போச்சு, செவ்வாய் போச்சு. பண்ணலை.

மாதா பாட்டு அவன் போட்டது. வார்த்தை, மெட்டு ரெண்டும். தலையில கரும்பாசி மாதிரி முடி வச்சுக்கிட்டுத் திரிஞ்ச வயசுல, ஹார்பர்ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல போட்டான். "கடலைக் கடந்து வந்தவளே, கரையைப் பார்த்து நின்னவளே"ன்னு ஆரம்பிக்கும். மூணு கட்டை சுதியில போட்டான், அனுபல்லவியில ஒரு இடம் மேல ஏறி அங்கேயே நிக்கும். எங்க ஊர்ல திருவிழாக்குத் திருவிழா அந்த இடத்துக்குத்தான் சனம் காத்துக்கிட்டு நிக்கும். விடிவெள்ளி இன்னிசைக் குழுன்னா அண்ணன் பாட்டு, தங்கச்சி கீபோர்டு. கான்வென்ட்ல சிஸ்டர் கிட்ட ஹார்மோனியம் கத்துக்கிட்டவ, கட்டைக்குக் கட்டை அடி வாங்கினவ, நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளை. கடற்கரை ஊர் ஒண்ணு விடலை. ஆளுங்க அவன் முகத்தைப் பார்ப்பாங்க. நான் பார்த்தது அவன் முதுகை. மேடையில பாட்டுக்காரன் முன்னாடி நிப்பான், கீபோர்டு பின்னாடி ஓரத்துல. எங்க அண்ணன் முதுகை எனக்குத் தெரிஞ்ச மாதிரி மதினிக்குத் தெரியாது. சட்டை முதுகுல ஒட்ட ஆரம்பிச்சா களைச்சுட்டான், அடுத்த பாட்டை டூயட்டா மாத்தணும். வலது கால் ஆடினா சந்தோஷமா இருக்கான். அந்த மேல் இடம் வரும்போது தோள் ரெண்டும் லேசா ஏறும், குரல் போய் உட்கார்ந்ததும் இறங்கும். நாப்பது தாண்டின பிறகு அந்தத் தோள் ஏறுறது கூடிக்கிட்டே போச்சு. இறங்குறது லேட் ஆச்சு. ஒரு வருஷம் மிக்கேல் சம்மனசு கோயில் திருவிழாவுல அந்தப் பாட்டுக்கு முன்னாடி அவன் தண்ணி குடிச்ச விதத்தைப் பார்த்தேன். பயந்துட்டான்னு தெரிஞ்சுது. எங்க அண்ணன் மேடையில பயந்து நான் பார்த்ததே இல்லை.

கீபோர்டுல ஒரு பட்டன் உண்டு. அதைத் தட்டினா விரல் அதே இடத்துல வாசிக்கும், சத்தம் மட்டும் அரைக் கட்டை கீழ இறங்கி வரும். கேட்கிறவனுக்குத் தெரியாது, பார்க்கிறவனுக்கும் தெரியாது. அன்னைக்கு ஒரு தட்டு தட்டினேன். ரெண்டரைக் கட்டை. பாட்டு ஆரம்பிச்சான், அந்த இடம் வந்துச்சு, தோள் ஏறவே இல்லை, குரல் போய் சொகுசா உட்கார்ந்துச்சு, சனம் கைதட்டிச்சு. பாட்டு முடிஞ்சதும் திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சான். சுலபமா வந்துருச்சுன்னு சிரிக்கிறான்னு நெனச்சேன். பிள்ளைத்தனமா, பரீட்சையில கேள்வி எல்லாம் தெரிஞ்சது வந்த மாதிரி. அந்தச் சிரிப்பை அப்புறம் எத்தனை கதையில எழுதப் பார்த்திருக்கேன். எந்தக் கதையிலயும் பொருந்தலை, ஒவ்வொரு தடவையும் எடுத்துட வேண்டியதாப் போச்சு. அடுத்த வருஷம் ரெண்டு தட்டு. ரெண்டு கட்டைக்கு வந்துருச்சு பாட்டு. நல்லாத்தானே இருந்துச்சு, யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு மனுஷன் தன் குரலுக்கு வயசாகலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தா யாருக்கு என்ன குடி முழுகிப் போச்சு? ஆனா பாருங்க, ராத்திரி தூக்கத்துல யாரும் என்னைக் கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

அருப்புக்கோட்டையில பஸ் நிக்குது. டீ, வடை, முறுக்கு. டிரைவர் இறங்கிட்டார், பாட்டு மட்டும் ஓடுது, ஸ்பீக்கர்ல ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு. போன் அடிக்குது, சங்கரபாண்டியன் சார். "வணக்கம் மேடம், எங்க வந்துட்டீங்க? மைக் செட் காரன் வந்துட்டான், பேனர்ல உங்க போட்டோ கொஞ்சம் இருட்டாப் போச்சு, மன்னிக்கணும்." நல்ல மனுஷன். நான் எழுதின ஒவ்வொரு வரியையும் படிச்ச மனுஷன், எங்க வீட்டுக்காரர் கூடப் படிக்காததைப் படிச்சவர். "இன்னைக்கு நான் என்ன பேசப் போறேன்னு சொல்லிடவா? உங்க உரைநடையில இருக்கிற இசைமை." சிரிச்சேன். ஊர் ஊரா இதைத்தான் சொல்றாங்க, உங்க நடையில ஒரு இசை இருக்கு மேடம், சுதி விலகாத நடை மேடம். இசை இருந்திருந்தா நான் எதுக்கய்யா எழுத வரப் போறேன். மேடையில பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல அறிவிப்பு எழுதிக் கொடுத்துக்கிட்டிருந்தவ நான், அந்த அறிவிப்பு நீண்டு கதையாச்சு, கதை ஒரு பத்திரிகையில வந்து பரிசு வாங்குச்சு, அதோட பாட்டுக்குப் பின்னாடி உட்கார மனசு வரலை. அதுதான் உண்மை. எனக்கும் முன்னாடி நிக்கணும்னு இருந்துச்சு. வீட்டுக்காரருக்கு மதுரைக்கு மாற்றல் வந்துச்சுன்னு ஊருக்குச் சொன்னேன், மாற்றல் வந்ததும் நிஜம்தான், ஆனா அது வரலைன்னாலும் வேற ஒரு காரணம் கண்டுபிடிச்சிருப்பேன். அண்ணன் தடுக்கலை. "எழுது. உனக்கு அது நல்லா வருது"ன்னான். கீபோர்டை எடுத்துட்டுப் போன்னான். மதுரையில வைக்க இடமில்லைன்னு அங்கேயே விட்டுட்டு வந்தேன். வைக்க இடமில்லையாம். எட்டு பீரோ புத்தகத்துக்கு இடம் இருக்கு. சார் இன்னும் பேசிக்கிட்டு இருக்கார், "எதையும் மழுப்பாத எழுத்துன்னு இளங்கோ தலைப்பு வச்சிருக்கான் மேடம், புதுப் பையன், நல்லாப் பேசுவான்." சரி சார், பைபாஸ்ல பார்ப்போம் சார்னு வச்சுட்டேன். எதையும் மழுப்பாத எழுத்து. நல்ல தலைப்புதான்.

"யாரும்மா, அண்ணனா?"ன்னு பக்கத்து அம்மா கேட்குது. இல்லை, தெரிஞ்சவங்க. "அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு வருவாரா?" உடம்பு சரியில்லைன்னு சொன்னேன். அப்பவாவது நிறுத்தியிருக்கலாம், தொண்டையில கட்டி, ஆபரேஷன்னு சொல்லிட்டேன், தெரியாத ஆளுகிட்ட சொல்றது எவ்வளவு சுலபமா இருக்கு. அந்த அம்மா ஐயோ பாவம்னெல்லாம் சொல்லலை. முன் சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கம் திரும்புச்சு. அப்புறம், "பேச்சு வராதுல்ல?" ஆமா. "அப்ப இன்னைக்கு நல்லாப் பேசிக்கிடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு வாதம் வந்து பேச்சு நின்னுச்சு. முதல் நாள் என்ன பேசினோம்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கேன், ரேஷன் கடைக்குப் போகலையான்னு கேட்டிருக்கேன். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு." வெளிய கருவேலங்காடு ஓடுது. எனக்கும் டாமியன் அண்ணனுக்கும் நடுவுல என்ன பேச்சு இருந்திருக்கு? மழை உண்டா, பிள்ளைங்க படிக்குதா. பேச்செல்லாம் மேடையிலயே பேசியாச்சுன்னு நெனச்சுக்கிட்டோமோ என்னவோ. நான் மதுரைக்கு வந்த பிறகு விடிவெள்ளிக்கு வேற ஒருத்தர் கீபோர்டு வாசிக்க வந்தார், நல்லா வாசிக்கிறவர்தான். அவருக்குப் பாட்டு மூணு கட்டைன்னு சொல்லியிருக்காங்க, மூணு கட்டையிலதான் வாசிச்சிருக்கார். யார் மேல தப்பு சொல்ல? பட்டனைப் பத்தி நான்தான் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கணும். சொன்னா அண்ணன் காதுக்குப் போயிடும்னு விட்டேன். அந்த வருஷம் திருவிழாவுல அந்த மேல் இடம் வந்ததும் அண்ணன் மைக்கைச் சனத்துப் பக்கம் திருப்பினானாம். ஊரே பாடிச்சாம். எவ்வளவு அழகா இருந்துச்சுன்னு மதினி போன்ல சொல்லிச்சு, அழுகையே வந்துருச்சு ஜெசின்னு. ஏன் திருப்பினான்னு எனக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம் ரெண்டு மூணு மேடைதான், அப்புறம் பாடுறதை நிறுத்திட்டான். ஹார்பர் வேலை கூடிப்போச்சுன்னான். பாடினவனுக்கும் கேட்டவங்களுக்கும் அதுல வருத்தமில்லை, வருத்தம் எனக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு எத்தனையோ தடவை அந்த ஊர் கூட்டத்துக்கு வந்து, லாட்ஜ்ல தங்கி, மக்ரூன் வாங்கிக்கிட்டு, அண்ணன் வீட்டுத் தெரு முனையைக் கூடத் தாண்டாம திரும்பிப் போயிருக்கேன்.

எட்டயபுரத்துல அந்த அம்மா இறங்குது. இறங்குறதுக்கு முன்னாடி சாக்குப்பைக்குள்ள கைவிட்டு ஒரு கட்டு பனங்கிழங்கை எடுத்து என் மடியில வச்சுட்டு, "அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோட போகாதீங்க"ன்னு சொல்லிடுச்சு. என் கையில ஒண்ணுமில்லைன்னு எப்பவோ பார்த்து வச்சிருக்கு. தொண்டையில கட்டி உள்ளவனுக்கு நார் நாரா பனங்கிழங்கு. அதுன்னா அவனுக்கு உசுரு, சின்ன வயசுல நடுத்தண்டை எனக்குக் கொடுத்துட்டு ஓரத்தைத் தின்பான். மடியில கிடக்கிற கிழங்குக் கட்டு மேல என் விரல் ஓடிக்கிட்டு இருக்கு. அப்பத்தான் கவனிக்கிறேன். வலது கை பல்லவி வாசிக்குது. மோதிர விரல் மடங்க மாட்டேங்குது, பேனா பிடிச்சுப் பிடிச்சுக் காய்ச்சுப் போன விரல், இருந்தாலும் இடம் தெரியுது அதுக்கு, எங்க போகணும்னு தெரியுது. பல்லவி முடிச்சு அனுபல்லவிக்குப் போகுது கை. நான் கணக்குப் போடுறேன். ஞாயித்துக்கிழமை போன்ல கேட்ட குரல் எங்க நின்னுச்சு? பேசும்போதே கீழ போய்த் தரையைத் தட்டுது. ரெண்டு கட்டை முடியாது. ஒண்ணு? ஒண்ணும் கஷ்டம். அதுக்கும் கீழ, அஞ்சு தட்டு, ஆறு தட்டு, அப்படி இறக்கினா அந்த மேல் இடம் அவனுக்குக் கைக்கெட்டும். பாட்டு சவ ஊர்வலத்துக்குப் போற மாதிரிதான் இருக்கும், ஆனா குரல் உடையாது. உடையக் கூடாது. கடைசித் தடவை பாடுறவனுக்கு உடைஞ்ச குரலைக் கொடுத்து அனுப்பக் கூடாது. இப்படித்தான் நான் கணக்குப் போடுறேன், ஞாயித்துக்கிழமையிலிருந்து இதே கணக்குதான், சாம்பாருக்குப் புளி கரைக்கும்போதும் இதே கணக்கு.

சரி, இன்னொண்ணையும் சொல்லிடுறேன், எனக்கு நானே சொல்றதுக்கு என்ன வெட்கம். உச்சி சாஞ்சா காத்துதான் வரும்னு மதினி சொல்லிச்சே, அதைக் கேட்டதும் முதல்ல எனக்கு வந்தது வருத்தமில்லை. நிம்மதி. சாயங்காலம் போனா அவனால பாட முடியாது. வேண்டாம்ணே, தொண்டையைச் சிரமப்படுத்தாதன்னு சொல்லலாம். அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கலாம். பட்டனைத் தட்டவும் வேண்டாம், தட்டாம இருக்கவும் வேண்டாம். அந்தக் குரல் எப்படிப் போச்சுன்னு என் காதால கேட்கவும் வேண்டாம். கூட்டத்துக்கு ஒத்துக்கிட்டேன், மாத்த முடியலை, பெரிய மனுஷங்க, பேனர் அடிச்சாச்சு. எவ்வளவு பொருத்தமான காரணம். என் நாவல்ல ஒருத்தி இப்படிப் பண்ணியிருந்தா இளங்கோன்னு ஒரு பையன் மேடையேறி அவளைக் கிழி கிழின்னு கிழிச்சிருப்பான். நான் அவளுக்குப் பரிஞ்சு ரெண்டு பக்கம் எழுதியிருப்பேன். எல்லாருக்கும் அவங்கவங்க தாங்குற அளவுக்குக் குறைச்சு எழுதுறதுதானே என் வழக்கம், யாரும் கத்த வேண்டியதில்லை, யாரும் உடைய வேண்டியதில்லை, சுதி விலகாத நடை. டாமியன் தாங்குவானா மாட்டானான்னு அன்னைக்கு டாமியன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? அரைக் கட்டை குறைச்சுக்கலாமாண்ணேன்னு கேட்டிருந்தா திட்டியிருப்பான், ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பான், அப்புறம் காலையில கடற்கரைக்குப் போய்க் கத்திக் கத்திச் சாதகம் பண்ணியிருப்பான், திரும்பவும் மூணுக்கே ஏத்தியிருப்பான். ஏத்த முடியாமலும் போயிருக்கலாம். எனக்கெப்படித் தெரியும், நான்தான் பார்க்கவே விடலையே.

உப்பு வாசம் வந்துருச்சு. கண்ணுக்கு இன்னும் உப்பளம் தெரியலை, காத்துல வருது, உதட்டை நக்கினா தெரியும். வெயில் என் பக்கத்தை விட்டு மேல ஏறிக்கிட்டு இருக்கு, உச்சிக்கு இன்னும் நேரம் கிடக்கு. கண்டக்டர், "பைபாஸ் யாரும்மா இறங்குறது, முன்னாடி வாங்க"ன்னு குரல் கொடுக்கிறார். நான்தான். எந்திரிக்கணும். பையைத் தூக்கி மடியில வச்சாச்சு, கிழங்குக் கட்டு உருளப் பார்க்குது, அதை ஒரு கையால பிடிச்சாச்சு. பஸ் மெதுவாகுது. ஜன்னல் வழியா சங்கரபாண்டியன் சாரைப் பார்க்கிறேன். நிழல்ல நிக்கக் கூடாதா மனுஷன், கொளுத்துற வெயில்ல ரோட்டோரம் நிக்கிறார், வெள்ளை வேட்டி, கையில துணிக்கடைப் பை, அதுக்குள்ள சால்வை மடிப்புத் தெரியுது. ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பார்த்துக்கிட்டே வர்றார். என்னைத் தாண்டி அடுத்த ஜன்னலைப் பார்க்கிறார். நான் தலையில முந்தானை போட்டிருக்கேன், அடையாளம் தெரியலை. ஒரு கை அசைச்சாப் போதும். பாவம், என் வரியை எல்லாம் படிச்சவர். எனக்கு அவர் மேல கோபமில்லை, வருத்தமா இருக்கு, வெட்கமாவும் இருக்கு. கால் எந்திரிக்கலை. "பைபாஸ்"னு மறுபடியும் கண்டக்டர். யாரோ ரெண்டு பேர் இறங்குறாங்க. "நீங்கதானம்மா கேட்டீங்க?" இல்லைங்க, பஸ் ஸ்டாண்டுக்கே போறேன்னு சொன்னேன். விசில் அடிச்சார். பஸ் எடுத்துருச்சு. சார் சின்னதா ஆகிக்கிட்டே போய், போனைக் காதுல வைக்கிறது தெரியுது. என் பைக்குள்ள போன் அடிக்குது. எடுத்து, "சார், மன்னிச்சுக்கோங்க, அண்ணன் வீட்டுக்குப் போறேன், கூட்டத்தை நான் இல்லாம நடத்துங்க, இல்லைன்னா சாயங்காலம் வைங்க"ன்னு ஒரே மூச்சுல சொன்னேன். "அண்ணனுக்கு என்ன மேடம்?" சொன்னேன். "இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா"ன்னார். மேடம் போய் அம்மா வந்துருச்சு. அவ்வளவுதான். அவ்வளவு சுலபமா முடிஞ்சு போச்சு, ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிருக்க வேண்டிய வேலை.

வீட்டு நம்பரை அழுத்துறேன். மதினி எடுக்கும்னு நெனச்சேன், அவன் எடுத்தான்.

"அண்ணே, நான் நேரா வீட்டுக்கு வாரேன். ஊருக்குள்ள வந்தாச்சு."

"கூட்டம்?"

"கூட்டம் கிடக்கட்டும்."

மூச்சு வாங்குறது கேட்டுச்சு. மூச்சுலயே கரகரப்பு இருக்கு.

"ஏட்டி."

"சொல்லுண்ணே."

"வந்து அந்தப் பட்டனைத் தொடாத."

எந்தப் பட்டன்னு கேட்டேன். கேட்ட என் குரல் எனக்கே கேவலமா இருந்துச்சு.

"சும்மா இரு. நீ இறக்கின முத நாளே தெரியும். மூணுல போட்டவனுக்கு ரெண்டரை தெரியாதா? அதான திரும்பிப் பார்த்துச் சிரிச்சேன்."

"அப்புறம் ஏன்ணே ஒண்ணும் சொல்லலை?"

"என்னத்தச் சொல்ல? எனக்கு முன்ன நீ பயந்துட்டன்னு தெரிஞ்சுது. சரி, பிள்ளை பார்த்துக்கிடுதுன்னு நானும் சொகமா இருந்துட்டேன். நாம ரெண்டு பேருமா சேர்ந்துதான் கெடுத்தோம், போ." இருமினான். இருமல் அடங்க நேரமாச்சு. "நாளைக்கழிச்சு இல்லாத தொண்டைக்கு இன்னைக்கு என்னட்டி பத்திரம்? மூணுலயே வை. வந்த வரைக்கும் வரட்டும்."

அந்தப் பக்கம் கீபோர்டுல யாரோ ஒத்தை விரலால அமுக்குற சத்தம் கேட்டுச்சு. மதினியா இருக்கும். மூணு கட்டை. சுத்தமான மூணு கட்டை. "சரியா இருக்கா பாரு"ன்னுட்டு, நான் சரின்னு சொல்றதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான், கடலைக் கடந்து வந்தவளே. இருண்ணே, தொண்டையைப் பத்திரமா வச்சுக்கோ, நான் வந்ததும் பாடலாம்னு சொல்ல வந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு அது. வாயை மூடிக்கிட்டேன். குரல் பாதிதான் இருந்துச்சு, மீதிப் பாதி கரகரப்பு, ஆனா சுதி இம்மி விலகலை, என் காதுக்குத் தெரியாதா. பல்லவி முடிச்சான். பஸ் ஸ்டாண்டுக்குள்ள பஸ் திரும்புது, ஆட்கள் எந்திரிச்சு வழியில நிக்கிறாங்க, யாரோ பை என் தோள்ல இடிக்குது. அனுபல்லவிக்கு ஏறினான். எனக்கு அவன் தோள் தெரிஞ்சுது, ரெண்டும் மேல ஏறுறது தெரிஞ்சுது. அந்த இடம் வந்துச்சு. குரல் உடைஞ்சு போய் வெறும் காத்து வந்துச்சு. நிறுத்தலை. அந்தக் காத்தை வச்சே அங்கேயே நின்னான், எவ்வளவு நேரம் நிக்கணுமோ அவ்வளவு நேரம், இந்தத் தடவை மைக்கை யாருக்கும் திருப்பலை. பஸ் காலியாகிடுச்சு. என்ஜினை அணைச்சுட்டாங்க, இன்னும் நல்லாக் கேட்டுச்சு. "அம்மா, கடைசி ஸ்டாப் இதுதான், இறங்குங்க"ன்னு கண்டக்டர் வந்து நிக்கிறார். பாட்டு இன்னும் முடியலைன்னு அவருக்குக் கையைக் காட்டினேன்.